இரண்டாவது கையெழுத்து

காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. அது மரணச் செய்தியாக வரவில்லை. ஒரு ரயிலின் பதினான்கு நிமிடத் தாமதமாக வந்தது.

ரயில்வே கோட்ட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோரத்து மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளின் வேலைத்தாள்கள் அவள் முன்னால் அடுக்கியிருந்தன. பாதை பார்க்கும் கேங்மேன்கள் ஒவ்வொருவரும் அன்றன்றைக்கு என்ன செய்தார்கள் என்று எழுதி அனுப்பும் தாள்கள் அவை. வாங்கிச் சரிபார்த்து முத்திரை குத்துவதுதான் அவள் வேலை. பக்கத்து மேசைக்காரர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தாமதப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"பகல் எக்ஸ்பிரஸ், பதினாலு நிமிஷம். காரணம்? ஆள் அடிபட்டதா... வெளி ஆளா, நம்ம ஆளா? நம்ம ஆளு. சரி." போனை வைத்துவிட்டு, "யாரோ கேங்மேனாம்," என்றார், சாயங்காலம் மழை வருமாம் என்று சொல்கிற குரலில்.

"எந்தக் கிலோமீட்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"இருநூத்திப் பதினாறு. வளைவுல."

கையிலிருந்த ரப்பர் முத்திரையை மைப்பெட்டியில் வைத்து மூடியை அழுத்தினாள். இருநூற்றுப் பத்து முதல் இருநூற்றுப் பதினெட்டு வரை அவள் தம்பியின் பாதை. அங்கே அவனைத் தவிர வேறு யாரும் கிடையாது. இருபத்தாறு மாதமாகக் கிடையாது என்பது அந்தக் கட்டடத்தில் மற்ற எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இருபத்தொரு வயதில் அவன் வேலைக்குச் சேர்ந்தபோது விண்ணப்பத்தை நிரப்பியது அவள்தான். பெயர், ஊர், உயரம், மார்பளவு எல்லாம் எழுதி முடித்துவிட்டு, "கையெழுத்தாவது நீ போடுடா," என்று பேனாவை நீட்டினாள். "அதையும் நீயே போட்டுடேன்க்கா, என்னைவிட அழகா போடுவே," என்றான். அவனுக்கு எழுத்து என்றால் வேப்பங்காய். இரும்பு என்றால் உயிர்.

இருபது வருடம் நடந்தான். காலை ஆறரைக்குத் தோளில் நாலடி ஸ்பானர், பையில் சுத்தியல், இரண்டு கொடி, எண்ணெய்ப் புட்டி, சாப்பாட்டு டப்பா. எட்டுக் கிலோமீட்டர் போக, எட்டுக் கிலோமீட்டர் வர. தண்டவாளத்துக்குத் தண்டவாளம் சேரும் ஒவ்வொரு ஜாயிண்டிலும் நின்று, சுத்தியலால் தட்டி, காது கொடுத்துக் கேட்பான். நல்ல இரும்பு மணி மாதிரிப் பேசுமாம். விரிசல் கண்டது சளி பிடித்தவன் மாதிரிப் பேசுமாம். தளர்ந்த போல்ட்டை இறுக்குவான், தேய்ந்த நட்டை மாற்றுவான். கட்டைக்குக் கட்டை கால் வைத்துப் பழகியதில் தெருவிலும் அதே அளவில்தான் அடியெடுத்து வைப்பான். "உங்ககூட கடைக்கு வந்தா நானும் ரயிலாயிடுவேன் போல," என்று அவன் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்த நாற்காலியை ஒருதரம் ஆட்டிப் பார்ப்பான். ஆடினால் போச்சு. நலம் விசாரிப்பதற்கு முன்னால் நாற்காலி தலைகீழாகக் கிடக்கும், இவன் திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். அக்கா வீட்டில் ஆடுகிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. கதவு, அலமாரி, துணி காயப்போடும் கம்பி எல்லாம் கல்லு மாதிரி நிற்கும்.

இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். குனிந்து போல்ட்டை இறுக்குகிறவனுக்குத் தலைக்கு மேல் உலகம் இல்லை. ஸ்பானர் சத்தமும் காற்றின் சத்தமும்தான். வண்டி நூற்றுப்பத்து வேகத்தில் வருகிறது. இருநூற்றுப் பதினாறில் பாறையைக் குடைந்து பாதை வளைகிறது. வண்டி முகம் காட்டும்போது அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதனால் ஒருவன் குனிந்தால், இன்னொருவன் வளைவு தாண்டி, தூரத்து வண்டி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். கையில் கொடி, வாயில் விசில். விதிப் புத்தகத்தில் இது தடித்த எழுத்தில் இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது.

பதினெட்டு வருடம் அவனுக்கு விசில்காரராக நின்றவரைக் கொக்கு என்று கூப்பிடுவார்கள். நாள் முழுக்க ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நிற்கிறவர். பேச்சு குறைவு. "நீ கீழே பாரு, மேலே நான் பாத்துக்கறேன்," இதுதான் அவர் தினமும் சொல்வது. அவர் ஓய்வு பெற்ற அன்று அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அந்த வருடம்தான் ரயில்வேயில் சீர்திருத்தம் தொடங்கியிருந்தது. எல்லா நிலையங்களிலும் சுவர் உயரத்துக்கு விளம்பரம் ஒட்டினார்கள். பெட்டிகளுக்குப் புதுச் சாயம் வந்தது, இருக்கைகளுக்குப் புது உறை வந்தது, எக்ஸ்பிரஸ் வேகம் தொண்ணூறிலிருந்து நூற்றுப்பத்து ஆனது. காலியான இடங்களை "தற்போதைக்கு நிரப்ப வேண்டாம்" என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இடத்தை ஒழிக்கவில்லை, பாருங்கள். ஒழித்தால் விதியை மாற்ற வேண்டும், மாற்றினால் யாராவது கேள்வி கேட்பார்கள். இடம் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். ஆளை எடுத்தார்கள்; தாளை அப்படியே விட்டார்கள். வேலைத்தாளின் அடியில் இரண்டு கட்டம்: பாதை பார்த்தவர் கையெழுத்து, விசில்காரர் கையெழுத்து.

கொக்கு போன மறுநாள் தம்பியின் தாள் ஒற்றைக் கையெழுத்தோடு வந்தது. அக்காவிடம் இன்னொரு சுற்றறிக்கையும் இருந்தது: இரண்டு கையெழுத்து இல்லாத தாளை ஏற்கக் கூடாது, அந்த நாளுக்கு வருகைப் பதிவும் கிடையாது. அவள் "முழுமையற்றது – திருப்பப்படுகிறது" என்ற முத்திரையைக் குத்தி அனுப்பினாள். தம்பியின் தாள் என்று பார்த்துத்தான் குத்தினாள். விதி விதிதானே.

அன்று சாயங்காலம் அவன் அந்தத் தாளை மடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான்.

"என்னக்கா, என்னையே திருப்பி அனுப்பிட்டியே?"

"உன்னை எங்கடா அனுப்பினேன்? தாளைத்தான் அனுப்பினேன். ரெண்டாவது கையெழுத்து எங்க?"

"ஆளே இல்லையேக்கா. தண்டவாளத்தையா போடச் சொல்றது?"

"இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'எங்கிட்ட ஆள் இல்ல, தாள் மட்டும் சரியா வரணும்'னாரு."

அவள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு கையெழுத்து இருந்தா சரி. யாரு போட்டாங்கன்னு அங்க எவன் பாக்கறான்? போட்டுக் கொண்டா," என்றாள்.

சொன்னது அவ்வளவுதான்.

அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் இடது கையால் எழுதிப் பழகினான். வலது கையில் போட்டால் இரண்டும் ஒரே முகமாக இருக்குமாம். அரை மணி நேரத்தில் ஒரு கையெழுத்து உருவானது. முடிவில் பாம்பு வால் மாதிரி ஒரு சுழி. தன் கையெழுத்தைவிட அது அழகாக இருந்ததில் அவனுக்கு ஒரே பெருமை. "இவரு படிச்ச ஆளுக்கா. என்னை மாதிரி இல்ல," என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பாதைக்காரர்கள் அந்த இல்லாத ஆளுக்கு நிழல் என்று பெயர் வைத்தார்கள். மற்றப் பிரிவுகளிலும் விசில்காரர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறப் பெற, ஒவ்வொரு பாதையிலும் ஒரு நிழல் வேலைக்குச் சேர்ந்தது. "என்னப்பா, இன்னைக்கு நிழல் வந்தாரா?" "வந்தாரு. ஆனா டீ குடிக்க மாட்டேங்கறாரு." "உச்சி வெயில்ல மட்டும் கால்கிட்டயே சுருண்டு படுத்துக்கறாருப்பா, சோம்பேறி." தம்பி காலையிலேயே, பாதையில் இறங்கும் முன்பே, நிழலின் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவான். "அவரு வேலைய முதல்ல முடிச்சுட்டா, சாயங்காலம் என் வேலை மட்டும்தானே," என்பான். வீட்டில் மனைவியிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. தனியாகப் போகிறான் என்று தெரிந்தால் அவள் ஒருநாள்கூட அனுப்ப மாட்டாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, வாசலில் போட்டிருந்த நாற்காலிகளை மடித்து வைத்த பிறகு, நான்காம் நாளில் முதல் அறிக்கை வந்தது. ஒரே பக்கம். கோட்ட அலுவலகத்தில், தாள்களை மட்டும் பார்த்து எழுதியது. "விசில்காரர் பணியில் இருந்தும், உரிய எச்சரிக்கை இருந்தும், இறந்தவர் தமது கவனக்குறைவால் உரிய நேரத்தில் விலகவில்லை."

தம்பி மனைவி அதை நின்றபடியே இரண்டு தரம் படித்தாள்.

"கவனக்குறைவாமா? வீட்டுல குழாய் சொட்டினா தூக்கத்துல எழுந்து போற மனுஷனுக்கா கவனக்குறைவு? ஏன் அண்ணி, இவருக்குக் காது கேக்காதுன்னு எழுதியிருக்காங்களா?"

அக்கா அந்தத் தாளை வாங்கி மடித்தாள்.

"யாரு அண்ணி இந்த விசில்காரன்? கொக்கு அண்ணன் போன பிறகு வந்தவன் யாரு? அடக்கத்துக்குக்கூட அவன் வரலை. அவன் மூஞ்சிய நான் ஒருதரம் பாக்கணும். நீ எங்கடா நின்னே, விசில் ஊதினியா இல்லையான்னு சட்டையப் பிடிச்சுக் கேக்கணும். நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க, அவன் வீடு எங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

இரண்டு நாள் அக்கா அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போய், சமையலறை வாசலில் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அப்படி ஒருத்தன் கிடையாது. அது உன் புருஷனோட இடது கை. அப்படிப் போடச் சொன்னது நான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்களா?"

"நான்தான்."

"உங்க வாயாலயா சொன்னீங்க?"

"ஆமா."

அடிப்பாள் என்று அக்கா நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அங்க போய்ச் சொல்லுங்க. அவரு பேர்ல இருக்கற அந்தச் சொல்லை எடுத்துட்டு வந்து அப்புறம் இந்த வீட்டு வாசல்ல நில்லுங்க."

விசாரணை பெரிய அதிகாரியின் அறையில் நடந்தது. நீள மேசை, அதன் மேல் கண்ணாடி. சுவரில் அதே சீர்திருத்த விளம்பரம். சிரிக்கிற குடும்பம் ஒன்று ஜன்னலோர இருக்கையில். அதிகாரி, அவர் பக்கத்தில் பாதை இன்ஸ்பெக்டர், தட்டச்சு செய்ய ஒருவர். ஓரமாகத் தம்பி மனைவி.

அதிகாரி கடைசி நாள் தாளை எடுத்துக் காட்டினார். தம்பியின் பையில் இருந்தது. "பாருங்கம்மா, விசில்காரர் கையெழுத்து இருக்கு. ஆள் இருந்திருக்கார்னு இதுவே சாட்சி."

"பக்கத்துக் கட்டத்தையும் பாருங்க சார். என் தம்பி கையெழுத்து இல்ல. வேலை முடிச்சவன்தான் கடைசியில போடணும், அவன் போட உயிரோட இல்ல. வேலை தொடங்கறதுக்கு முன்னாலயே போட்ட அந்த விசில்காரரைக் கூப்பிட்டு விசாரிச்சீங்களா?"

அதிகாரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கோப்பைப் புரட்டினார். "அவர் இப்ப விடுப்புல இருக்கார், சார்."

இருபத்தெட்டு வருடம் அந்த அலுவலகத்தில் குரல் உயர்த்தாதவள் அக்கா. அன்றைக்கு அவள் குரல் வராந்தா வரை கேட்டது.

"விடுப்புல இருக்காரா? யார் குடுத்தாங்க விடுப்பு? எத்தனை நாளைக்கு? மருத்துவ விடுப்பா, சொந்த விடுப்பா? அண்ணே, உள்ள வாங்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு கொக்கு வந்தார். சலவைச் சட்டை, கையில் துணிப்பை. மேசைக்கு முன்னால் வந்து பழக்கதோஷத்தில் ஒற்றைக் காலில் நின்றார்.

"அந்த இடத்துல கடைசியா இருந்த விசில்காரன் நான்தாங்க. நான் வீட்டுக்குப் போய் இருபத்தாறு மாசம் ஆச்சு. எனக்கப்புறம் என் இடத்துல ஒருத்தன் விசில் ஊதறானாம், கையெழுத்துப் போடறானாம், இப்ப விடுப்பும் எடுத்திருக்கானாம். குடுத்து வச்சவன். எனக்குப் பதினெட்டு வருஷத்துல கேட்ட அன்னைக்கு விடுப்பு கிடைச்சதே இல்லைங்க."

தட்டச்சுக்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். அக்கா கொண்டுவந்திருந்த தாள்கட்டை அவிழ்த்துக் கண்ணாடியின் மேல் பரப்பினாள். இருபத்தாறு மாதத் தாள்கள். அத்தனையிலும் அந்தப் பாம்பு வால் சுழி. அதன் மேல் கொக்கின் ஓய்வு ஆணையை வைத்தாள். இந்தத் தாள்கள் இரண்டாம் மாடி அலமாரியில் இருந்தவை. அந்த ஆணை முதல் மாடி அலமாரியில் இருந்தது. நடுவில் பதினெட்டுப் படிகள். இருபத்தாறு மாதத்தில் அந்தப் படியில் எந்த அதிகாரியும் இரண்டு காகிதத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு ஏறவில்லை. அவளும்தான் ஏறவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். குரலைத் தணித்தார். "அம்மா, யோசிச்சுப் பேசுங்க. நீங்க சொல்றதைப் பதிவு பண்ணா, உங்க தம்பி பொய்க் கையெழுத்துப் போட்டவர்னுதான் வரும். செத்தவரை எதுக்குக் குற்றவாளியாக்கணும்?"

"கவனக்குறைவுன்னு எழுதி ஏற்கெனவே ஆக்கிட்டீங்களே சார். அவன் பொய்க் கையெழுத்துப் போட்டான், எழுதுங்க. போடலேன்னா தாள் திரும்பி வரும்னு எழுதுங்க. திருப்பினது நான், எழுதுங்க. போட்டுக் கொண்டான்னு சொன்னதும் நான்தான், அதையும் எழுதுங்க. எனக்கு அப்படிச் சொன்னது இந்தச் சுற்றறிக்கை, இதுல இருக்கறது உங்க கையெழுத்து. இதையும் எழுதுங்க. எல்லாரும் கையெழுத்துதான் போட்டோம் சார். அவன் ஒருத்தன்தான் வேலையும் செஞ்சான்."

இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தார்: "எல்லாப் பிரிவுலயும் இப்படித்தான் நடக்குது, நம்மளை மட்டும்..."

"அதையும் எழுதுங்க," என்றாள் அக்கா.

தட்டச்சுக்காரர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். மூலையில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எழுதுங்க சார். நாங்க உக்காந்திருக்கோம். எங்களுக்கு வேற வண்டி பிடிக்க வேண்டியதில்லை."

எழுதினார்கள்.

ஆறு வாரம் கழித்து இறுதி அறிக்கை வந்தது. "கவனக்குறைவு" என்ற சொல் அதில் இல்லை. "இறந்தவர் தனியாகப் பணியில் இருந்தார்" என்று இருந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு போய் அந்த வாசலில் நின்றாள். தம்பி மனைவி வாங்கிப் படித்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா தானாக உள்ளே போய், எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஆடவில்லை.

பொய்ப் பதிவுக்குத் துணைபோனதாக அக்காவுக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. பழைய கோப்புகள் கிடக்கும் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவருக்குப் பதவி உயர்வு வந்தது, அது முன்பே வர வேண்டியதாம். இன்ஸ்பெக்டர் அதே நாற்காலியில் இருக்கிறார். விசில்காரர் இடங்களை நிரப்புவது "பரிசீலனையில்" இருக்கிறது. நடந்ததிலிருந்து பாடம் கற்றுச் செய்த சீர்திருத்தம் ஒன்றே ஒன்றுதான்: எல்லாப் பிரிவுக்கும் ஒரு புது ரப்பர் முத்திரை கொடுத்திருக்கிறார்கள். இனி யாரும் இடது கையால் பழக வேண்டியதில்லை. இரண்டாவது கட்டத்தில் "ஆள் இல்லை" என்று குத்தினால் தாள் ஏற்கப்படும். உண்மையைச் சொல்வதற்கு வசதி செய்துவிட்டார்கள், ஆளைத்தான் அனுப்பவில்லை. நூற்றுப்பத்து வேகத்தில் வருகிற வண்டிக்கு முன்னால், நெற்றியில் முத்திரை குத்திக்கொண்டு, தனியாகத்தான் இன்னும் குனிகிறார்கள்.

சிலர் குனிவதில்லை. தம்பியின் பாதைக்கு வந்திருக்கும் புதியவர் நாலு பிள்ளைக்காரர். "ஆள் குடுங்க, அப்புறம் அந்த வளைவுல குனியறேன்," என்று இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இருநூற்றுப் பதினாறில் தலை நிமிர்ந்தே நடந்து தாண்டிவிடுகிறார். அக்கா அவரைக் குறை சொல்லவில்லை.

அலுவலகம் திருப்பிக் கொடுத்த பொருள்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. சாப்பாட்டு டப்பா, செருப்பு ஒன்று, கொடி இரண்டு, பேனா, புது நட் ஒன்று. தேய்ந்த நட்டைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்காகக் கையில் வைத்திருந்தது. தம்பி மனைவி அதைச் சமையலறை அலமாரியில், சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். போன வாரம் கொக்கு அந்த வளைவுவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து அக்காவிடம் சொன்னார். எக்ஸ்பிரஸ் நேரத்துக்குப் போகிறது. தம்பி கடைசியாகக் குனிந்த ஜாயிண்டில் போல்ட் நான்கு. மூன்றுக்குத்தான் நட் இருக்கிறது.